மடியில் வரும் கூம்புச் சங்கு: எதைத் தின்கிறதோ அதற்கேற்ற விஷம்

குமரி மாவட்டக் கடலோர ஊரான நீரோடியிலிருந்து வந்திருக்கும் கேள்வி இது. கேட்டவரின் மச்சான் கொல்லம் சக்திகுளங்கரையில் இழுவலைப் போட்டில் வேலை பார்க்கிறார். மடியை, அதாவது வலையின் கடைசிப் பையை, அவிழ்த்துக் கொட்டும்போது மீனோடும் இறாலோடும் கூம்பு வடிவச் சங்குகள் வருகின்றன. அழகாக இருக்கிறதே என்று பிள்ளைகளுக்கு எடுத்து வருகிறார். இதில் ஆளைக் கொல்லும் விஷம் உண்டு என்கிறார் ஒருவர்; இதிலிருந்துதான் இப்போது இன்சுலின் எடுக்கிறார்கள் என்கிறார் இன்னொருவர். எது உண்மை, எதைத் தொடலாம், குத்திவிட்டால் என்ன செய்வது, விற்றால் வழக்கு வருமா என்பவை கேள்விகள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளே உயிர் இருக்கும் கூம்புச் சங்கை வெறுங்கையால் எடுக்கக் கூடாது. சட்டைப் பையிலும் கைலி மடிப்பிலும் போடக் கூடாது. பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. சதை போய், கழுவிக் காய்ந்த வெற்று ஓட்டில் ஆபத்து ஒன்றும் இல்லை. சிக்கல் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. மடியிலிருந்து விழுந்து அசையாமல் கிடக்கும் சங்கு செத்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அது உடம்பை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஈரம் இருக்கும்வரை மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

அடையாளம் காண்பது கடினமில்லை. ஒரு முனை அகலம், மறுமுனை ஒடுக்கம். வாய் வட்டமாக இருக்காது. ஓட்டின் நீளத்துக்கு ஒரு கீறலாக ஓடி ஒடுங்கிய முனையில் முடியும். அகன்ற முனையில் சுருள் தெரியும். தலை இருப்பது ஒடுங்கிய முனைப் பக்கம். அதனால் "அகன்ற முனையைப் பிடித்தால் ஒன்றும் செய்யாது" என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. அது தவறு. குத்துகிற தும்பிக்கை நீண்டு வளையக்கூடியது. பல இனங்களில் அது ஓட்டின் பெரும்பகுதியை எட்டிவிடும். துணியையும் துளைக்கும், மெல்லிய கையுறையையும் துளைக்கும். பாறையில் முக்குளித்துச் சிப்பி எடுப்பவர்கள் இடுப்பில் வலைப்பை கட்டியிருப்பார்கள். அந்தப் பையில் உயிருள்ள கூம்புச் சங்கு ஒன்று சேர்ந்துவிட்டால், வலைக்கண் வழியாகத் தொடையில் குத்த அதற்கு எந்தத் தடையும் இல்லை.

நிறத்தையும் கோலத்தையும் வைத்து இனத்தைச் சொல்லலாம் என்று படங்களைப் பார்த்தால் தோன்றும். கடலிலிருந்து அப்போது வந்த சங்கில் அது நடக்காது. ஓட்டின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு தோல் படர்ந்திருக்கும். சில இனங்களில் அது தடிமனாக, பாசி பிடித்தது போலவே இருக்கும். அதைச் சுரண்டிய பிறகுதான் கோலம் தெரியும். சுரண்டுவதற்காக உள்ளங்கையில் வைத்துப் பிடிப்பதுதான் ஆபத்தின் உச்சம். 1935இல் ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவில் ஓர் இளைஞர் இறந்தது இப்படித்தான். சங்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையில் கத்தியால் தோலைச் சுரண்டினார். உள்ளங்கையில் ஒரு குத்து. வலி இல்லை. சுமார் 10 நிமிடத்தில் உதடு விறைத்தது, 20 நிமிடத்தில் பார்வை இரண்டாகத் தெரிந்தது, அரை மணியில் கால் வரவில்லை, ஒரு மணி நேரத்தில் நினைவு போனது, ஐந்து மணி நேரத்துக்குள் உயிர் போனது. அந்தச் சங்கு கோனஸ் ஜியோகிராஃபஸ். உலகம் முழுக்க நம்பகமாகப் பதிவான கூம்புச் சங்குக் குத்துகள் ஏறத்தாழ 140. அவற்றில் இறப்பு முப்பத்தைந்தை ஒட்டியது. இனம் உறுதியாகத் தெரிந்த இறப்புகளில் கிட்டத்தட்ட எல்லாமே இந்த ஒரே இனத்தின் கணக்கு.

ஏன் இந்த ஒன்று மட்டும்? பதில் அதன் சாப்பாட்டில் இருக்கிறது. கூம்புச் சங்குகளில் 900க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பான்மை கடல் புழுக்களைத் தின்பவை. அடுத்த கூட்டம் மற்ற சங்குகளையும் நத்தைகளையும், சில சமயம் தன் இனத்துச் சங்குகளையே தின்பது. மீன் பிடித்துத் தின்பவை சிறுபான்மை. புழுவை மடக்கும் விஷம் புழுவின் நரம்புக்கென்று செதுக்கப்பட்டது. நம் உடம்பில் பெரும்பாலும் குளவி கொட்டிய அளவு வலியோடு நின்றுவிடும். மீனும் மனிதனும் முதுகெலும்பு உள்ளவை. மீனின் தசையை நிறுத்துகிற விஷம் நம் தசையையும் நிறுத்தும், மூச்சு இழுக்கும் தசை உட்பட. ஆகவே ஒரு கூம்புச் சங்கைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, எதைத் தின்கிறது என்பதுதான். அது எவ்வளவு பெரியது, என்ன நிறம் என்பதெல்லாம் பிறகு.

தென்கரையில் அதிகம் கண்ணில் படுபவற்றைச் சொல்கிறேன். பாறைத் தேக்கங்களில் வெள்ளையில் கறுப்புக் கட்டங்கள் போட்ட, கட்டை விரல் அளவிலான சிறு சங்கு கோனஸ் ஈப்ரேயஸ், புழுத் தின்னி. மணலில் கிடைக்கும் கனமான, தவிட்டு நிறத்தில் நெருக்கமான கோடுகள் சுற்றியிருக்கும் கோனஸ் ஃபிகுலினஸும், மஞ்சளில் வரிசையாகக் கறும்புள்ளி வைத்த கோனஸ் பெட்டுலினஸும் புழுத் தின்னிகளே. ஆரஞ்சுப் பழுப்பில் வெள்ளை முக்கோணங்களோடு, தோள்பட்டை கூராக, உச்சி ஊசியாக நிமிர்ந்திருப்பது கோனஸ் அமாடிஸ். நெய்த துணி போல முக்கோணக் கோலம் உடம்பு முழுக்க இருப்பது கோனஸ் டெக்ஸ்டைல். இவை இரண்டும் சங்கு தின்பவை. டெக்ஸ்டைலைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். அது குத்தி மோசமான நிலைக்குப் போனவர்கள் உண்டு. ஜியோகிராஃபஸ் செங்கடலிலிருந்து பாலினீசியா வரை பவளத் திட்டுகளில் வாழ்வது. நம் மணற்கரையின் அன்றாடச் சரக்கு அல்ல. ஆனால் தூத்தூர் வட்டாரத்துப் போட்டுகள் லட்சத்தீவுப் பக்கம் வரை போய்த் தங்கித் தொழில் செய்பவை. அங்கேயிருந்து ஞாபகத்துக்கு எடுத்து வரும் சங்கில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். ஓர் அடையாளம் உதவும்: கூம்பின் வாய் அடிப்பக்கம் நன்றாக விரிந்து, ஓடு தன் அளவுக்கு எடை குறைவாக, மெல்லியதாக இருந்தால் அது மீன் விழுங்கும் சங்காக இருக்க வாய்ப்பு அதிகம். முழு மீனை உள்ளே வாங்க இடம் வேண்டுமே. புழுத் தின்னிகளின் வாய் இடுங்கிய கீறல். ஓடு கல்லாகக் கனக்கும். இது பொது விதிதான். விதிவிலக்கு உண்டு என்பதால், உயிருள்ளதைக் கையில் எடுத்து எடை பார்க்க இதை ஒரு சாக்காகக் கொள்ள வேண்டாம்.

குத்திவிட்டால் செய்ய வேண்டியது. எந்த இனம் என்று தெரியாவிட்டால் மோசமான இனம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குத்து வாங்கியவரைப் படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலமுள்ள இழுபடும் கட்டுத்துணியைக் குத்துப்பட்ட இடத்தின் மேல் முதலில் சுற்றி, பிறகு விரல்களிலிருந்து தொடங்கிக் கை முழுவதும், காலானால் கால் முழுவதும், மேல்நோக்கிச் சுற்றுங்கள். சுளுக்குக்குக் கட்டும் இறுக்கம் போதும். நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்பி வர வேண்டும். வராவிட்டால் இறுக்கம் அதிகம். நகம் தெரிவதற்காக விரல் நுனியை மட்டும் மூடாமல் விடுங்கள். அதன் மேல் ஒரு குச்சியோ துடுப்புத் துண்டோ வைத்துக் கட்டி, மூட்டு மடங்காமல் செய்யுங்கள். கட்டுத்துணி இல்லையா, தோர்த்தை (துண்டை) நீளவாக்கில் கிழித்துச் சுற்றலாம். விஷம் ரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைப்பதுதான் நோக்கம். கயிற்றால் இறுகக் கட்டி ரத்த ஓட்டத்தை நிறுத்துவது, கீறிவிடுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எல்லாம் கெடுதல். கட்டை மருத்துவமனை போய்ச் சேரும்வரை அவிழ்க்கக் கூடாது. வெறும் வலி மட்டும் இருந்து, சிறிய புழுத் தின்னி என்று உறுதியாகத் தெரிந்தால், பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் வைத்தால் வலி குறையும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்: குத்திய இடத்திலிருந்து மேலே ஏறும் மரமரப்பு, உதட்டில் விறைப்பு, இமை தானாக இறங்குவது, இரண்டிரண்டாகத் தெரிவது, எச்சில் விழுங்க முடியாமை, நாக் குழறல். இவற்றில் எது வந்தாலும் அடுத்து மூச்சு நிற்கலாம். வலி இல்லையே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். கொல்லும் குத்துகளில் பல வலிக்காதவை. மூச்சு நின்றால் நிமிடத்துக்கு 10 முதல் 12 முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நாடி இல்லையென்றால் மார்பையும் அழுத்துங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இந்த விஷம் தசையைத்தான் முதலில் நிறுத்துகிறது. ஆள் அசையாமல், கண்மணி வெளிச்சத்துக்கு மாறாமல் கிடந்தாலும் நினைவு இருக்கலாம், நீங்கள் பேசுவது காதில் விழலாம். இறந்துவிட்டார் என்று ஊதுவதை நிறுத்திவிடக் கூடாது. செயற்கை மூச்சுக் கருவியில் வைத்து விஷம் தானாக வெளியேறும்வரை தாக்குப்பிடித்தால் முழுவதும் மீண்டு வர முடியும். மாற்று மருந்து கிடையாது. பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை வைத்துத் தயாரிப்பது, இதற்கு உதவாது. ஆகவே 108ஐ அழைக்கும்போதே செயற்கை மூச்சுக் கருவி உள்ள இடமாகப் பார்த்துக் கேளுங்கள். ஆசாரிப்பள்ளமோ திருவனந்தபுரமோ, நிற்கிற இடத்திலிருந்து எது சீக்கிரம் எட்டுமோ அங்கே. அங்கிருக்கும் மருத்துவர் இப்படியொரு கேஸைப் பார்க்காதவராக இருக்கலாம். "கூம்புச் சங்கு, மூச்சு நிற்க வாய்ப்பு" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பல நாள் தங்கல் போகும் போட்டில் 15 சென்டிமீட்டர் கட்டுத்துணி மூன்று சுருள் வைத்திருப்பது பெரிய செலவு அல்ல. கடல்பாம்புக் கடிக்கும் அதே கட்டுதான்.

இனி அது எப்படிக் குத்துகிறது என்பதற்கு வருவோம். இந்த உயிரின் நுட்பம் முழுவதும் அங்கேதான். மற்ற நத்தைகளுக்கு நாக்கில் அரம் போலப் பல் வரிசை இருக்கும். பாறையைச் சுரண்டித் தின்னும். கூம்புச் சங்கில் அந்த வரிசை கலைந்து, ஒவ்வொரு பல்லும் தனியான ஓர் எறியீட்டியாக மாறிவிட்டது. கைட்டின் என்ற பொருளாலான ஒரு தகடு சுருண்டு, உள்ளே துளையுள்ள குழலாகி, முனையில் முள்ளும் கொக்கியும் வைத்தது. இப்படிப் பல பற்கள் ஒரு பையில் பல வளர்ச்சி நிலைகளில் அடுக்கி வைத்திருக்கும். வேட்டை நேரத்தில் ஒன்று தும்பிக்கையின் நுனிக்கு வரும், வளையத் தசை அதைப் பிடித்துக்கொள்ளும். பின்னால், உடம்பின் நீளத்தைப் போலப் பல மடங்கு நீண்டு சுருண்டு கிடக்கும் விஷக்குழாய். அதன் கடைசியில் தசையாலான ஒரு குமிழ். விஷம் ஊறுவது குழாயில், குமிழ் வெறும் அழுத்தும் பம்பு. இரையின் மேல் நுனி பட்டதும் ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பல் பாய்கிறது, விஷம் துளை வழியே இறங்குகிறது. ஒரு பல் ஒரு தடவைக்குத்தான். குறி தவறினால் அடுத்தது வரும். மீன் தின்னிகள் பல்லின் அடியை விடுவதில்லை. கொக்கி மாட்டிய மீன் அப்படியே வாய்க்குள் இழுபடும். சங்கு தின்னிகள் பெரும்பாலும் பல்லை விட்டுவிட்டு அடுத்தடுத்து பல முறை குத்தும். ஓட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் இரைக்கு ஒரு குத்து போதாது.

இத்தனைக்கும் இது ஓடி இரை பிடிக்க முடியாத, மெல்ல நகரும் நத்தை. பகலில் மணலில் புதைந்து நீர்க்குழலை மட்டும் வெளியே நீட்டி வைத்திருக்கும். அதன் வழியே நீரை இழுத்து வாசனை பார்க்கும். இரவில் கிளம்பும். குத்து வாங்கிய மீன் இரண்டு கஜம் நீந்திப் போய்ச் செத்தாலும் இதற்கு நஷ்டம்தான். எனவே விஷம் கொன்றால் மட்டும் போதாது, கண்ணிமைக்கும் நேரத்தில் நிறுத்த வேண்டும். அதை ஒரே ஒரு நஞ்சால் செய்ய முடியவில்லை என்பதால் பலவற்றின் கூட்டாக அது அமைந்தது. கோனஸ் பர்ப்யூராசென்ஸ் என்னும் மீன் தின்னியில் ஒரு கூட்டம், நரம்பில் செய்தி ஓட உதவும் சிறு வாசல்களான சோடியம் வழிகள் திறந்தபின் மூடாமல் தடுக்கும் டெல்டா வகை. அதோடு சேர்ந்து பொட்டாசியம் வழியை அடைக்கும் கப்பா வகை. இரண்டும் சேர்ந்தால் குத்திய இடத்து நரம்பெல்லாம் ஒரே நேரத்தில் கட்டுப்பாடில்லாமல் செய்தி அனுப்புகின்றன. மீன் ஓரிரு நொடியில் துடுப்பு விறைத்துக் குச்சியாக நிற்கும். பின்னாலேயே இரண்டாம் கூட்டம் வருகிறது. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி போகும் பாதையில், நரம்பு முனையின் கால்சியம் வழியை ஒமேகா வகையும், தசையில் செய்தி வாங்கும் ஏற்பியை ஆல்ஃபா வகையும், தசையின் சோடியம் வழியை மியூ வகையும் அடைக்கின்றன. ஒரே பாதையில் மூன்று இடத்தில் பூட்டு. மனிதரின் மூச்சை நிறுத்துவதும் இப்படிப்பட்ட பூட்டுகள்தான்.

ஜியோகிராஃபஸ் இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. வாயைப் பெரிய வலைபோல் விரித்து, சிறு மீன்கள் ஒதுங்கும் இடுக்கை அப்படியே மூடும். மீன்கள் திமிறாமல் உள்ளே நிற்கின்றன. மயக்கம் தரும் கோனான்டோகின் என்னும் புரதத் துண்டு அதன் விஷத்தில் உண்டு. 2015இல் அந்த விஷத்துக்குள் மீன் இன்சுலினை ஒத்த இன்சுலினையே கண்டுபிடித்தார்கள். மீனின் ரத்தச் சர்க்கரை சட்டென்று விழுகிறது, மீன் தள்ளாடுகிறது. புழுவுக்கும் நத்தைக்கும் வேலை செய்யும் இன்சுலின் இந்த விஷத்துக்குப் பயன்படாது; மீனுக்குரியதாக அது மாற்றப்பட்டிருக்கிறது. அதே சங்கில், ரத்தச் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககானின் சுரப்பை அடக்கும் இன்னொரு ஹார்மோன் போலியும் 2024இல் தெரியவந்தது. சர்க்கரை விழுந்ததும் உடம்பு அதை மீட்க எடுக்கும் முயற்சியையும் சேர்த்துத் தடுக்கிறது. புழுத் தின்னிகளிலும் இப்படிக் கூர்மை உண்டு. கோனஸ் இம்பீரியாலிஸ், இனச்சேர்க்கைக்காகப் புழுக்கள் வெளியிடும் வாசனைப் பொருளைப் போன்ற சிறு மூலக்கூறுகளை விஷத்தில் வைத்திருப்பது 2021இல் வெளியானது.

இத்தனை வகையும் எங்கிருந்து வந்தன? கூம்புச் சங்கின் தொல்லெச்சங்கள் சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னிருந்தே கிடைக்கின்றன. விஷப் பல் அதற்கு முன்பே இருந்தது. டரிட், ஆகர் போன்ற உறவினச் சங்குகளுக்கும் அது உண்டு. கூம்புச் சங்குகளின் மூதாதை புழு தின்றது. இந்த விஷத்தின் ஒவ்வொரு துண்டும் ஒரு மரபணுவில் மூன்று பகுதியாக எழுதப்படுகிறது: செல்லுக்குள் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் தலைப்பகுதி, நடுவில் ஒரு பாலப் பகுதி, கடைசியில் விஷமாக வெட்டி எடுக்கப்படும் 10 முதல் 40 அமினோ அமிலம். தலைப்பகுதி இனத்துக்கு இனம் அப்படியே இருக்கிறது. கடைசிப் பகுதியில் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் நிற்கும் இடங்கள் மட்டும் மாறாமல், இடையிலுள்ளவை வெறி பிடித்தது போல மாறுகின்றன. சிஸ்டீன்கள் இரண்டிரண்டாகக் கோத்துக்கொண்டு மூலக்கூறுக்கு உருவம் தருகின்றன. உருவம் கெடாமல் மற்றதை எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம். மரபணு இரட்டித்துப் பிரதி ஒன்று உபரியானால் அது சோதனைக்குக் கிடைக்கிறது. விலங்குகளில் மிக வேகமாக மாறும் மரபணுக்களில் இவையும் சேரும் என்பது 1999 முதல் தெரிந்த செய்தி. ஓர் இனத்தில் நூற்றுக்கணக்கான துண்டுகள். பக்கத்து இனத்தில் அவற்றில் ஒன்றுகூட அப்படியே இல்லாமல் இருக்கலாம்.

புழு தின்றது மீனுக்கு எப்படி மாறியது என்பது நீண்ட நாள் கேள்வி. 2014இல் வந்த ஒரு ஆய்வு இதற்கு நல்ல வெளிச்சம் தந்தது. ஜியோகிராஃபஸ் இரைக்கு ஒரு விஷத்தையும், தன்னைத் தாக்க வருபவற்றுக்கு வேறொரு விஷத்தையும் பயன்படுத்துகிறது. இரண்டும் அதே குழாயின் வெவ்வேறு பகுதிகளில் ஊறுகின்றன. மனிதரைக் கொல்லும், தசையை முடக்கும் நஞ்சுகள் தற்காப்புப் பகுதியில்தான் அதிகம். அப்படியானால் புழு தின்ற முன்னோர் மீனையும் கணவாயையும் விரட்ட வைத்திருந்த தற்காப்பு விஷமே பின்னாளில் மீனைப் பிடிக்கும் ஆயுதமாகியிருக்கலாம். இன்றைக்கும் புழுவே தின்னும் கோனஸ் டெசுலாட்டஸில், மீன் தின்னிகளிடம் இருப்பது போன்ற டெல்டா நஞ்சு ஒன்று இருப்பதை 2015இல் காட்டினார்கள். இது அந்த வழியோடு பொருந்துகிறது. என் கணிப்பில், சங்குகளின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான கைமாற்றம் வேறில்லை.

இனங்கள் பெருகியதற்கு விஷம் மட்டுமல்ல, குஞ்சுகளும் காரணம். முட்டைகளைத் தட்டையான பைகளில் அடைத்துக் கல்லின் அடியில் ஒட்டி வைக்கும். சில இனங்களின் குஞ்சு நீரில் வாரக்கணக்கில் மிதந்து நீரோட்டத்தோடு போகும். ஈப்ரேயஸ் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மத்திய அமெரிக்காவரை பரவியது இப்படித்தான். சில இனங்களில் குஞ்சு மிதப்பதே இல்லை, பையிலிருந்து ஊர்ந்தே வெளிவரும். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு எதிரே கேப் வெர்டே தீவுகளில் தீவுக்குத் தீவு, சில இடத்தில் விரிகுடாவுக்கு விரிகுடா தனி இனம் இருப்பதன் காரணம் இது. அப்படிப்பட்ட இனத்துக்கு ஒரு கரையில் கட்டுமானம் வந்தாலே போதும், முழு இனமும் போய்விடலாம்.

ஓட்டைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். கன்னியாகுமரியில் சங்கு அறுத்து வேலை செய்பவர்களின் கண்ணில் பட்டிருக்கும். கூம்புச் சங்கை நீளவாக்கில் அறுத்தால் வெளிச் சுற்று விரல் கனத்துக்குத் தடிமனாக இருக்கும், உள்ளேயிருக்கும் சுற்றுகளோ தாள் போல மெலிந்திருக்கும். அவை தேய்ந்தவை அல்ல. வளர வளரச் சங்கே தன் பழைய உட்சுவர்களைக் கரைத்து, உடம்புக்கு இடம் செய்துகொண்டு, வெளிச்சுவரைத் தடிமனாக்குகிறது. வெளியே ஓட்டை நொறுக்கும் நண்டுகளும் மீன்களும். உள்ளே சுருட்டி வைக்க இத்தனை நீள விஷக்குழாய். இரண்டுக்கும் ஒரே வழி இது.

இன்சுலின் விஷயம். சங்கிலிருந்து எடுத்த இன்சுலின் கடையில் எங்கும் இல்லை. எடுப்பது உருவம்தான். நம் இன்சுலினில் 51 அமினோ அமிலம். அவை ஆறாறாகக் கட்டுக்கட்டாகச் சேர்ந்து சேமிப்பில் இருக்கும். ஊசி போட்ட பிறகு அந்தக் கட்டு பிரிந்தால்தான் வேலை செய்யும், அதற்கு நேரம் ஆகும். ஜியோகிராஃபஸின் இன்சுலினில் 43தான். கட்டுச் சேரக் காரணமான வால் பகுதி அதில் இல்லை. அப்படியும் மனித ஏற்பியில் ஒட்டுகிறது என்பதை 2016இல் காட்டினார்கள். வேகமாக வேலை செய்யும் இன்சுலினை வடிவமைக்க அது வழிகாட்டி.

உண்மையிலேயே மருந்தாக வந்தது வேறொன்று. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த பால்டொமேரோ ஒலிவேராவும் லூர்தஸ் குரூஸும் 1970களில் தொடங்கிய வேலை அது. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஒலிவேராவின் ஆய்வகத்தில் சேர்ந்தபோது மைக்கேல் மெக்கின்டாஷுக்கு வயது 18. கோனஸ் மேகஸ் என்னும் மீன் தின்னியின் விஷத்திலிருந்து 25 அமினோ அமிலம் கொண்ட ஓர் ஒமேகா துண்டைப் பிரித்தவர் அவர். அதை ஆய்வகத்திலேயே செய்து, சிகோனோடைடு என்ற பெயரில் 2004 டிசம்பரில் அமெரிக்காவில் மருந்தாக அனுமதித்தார்கள். மார்ஃபினுக்கும் அடங்காத நாள்பட்ட வலிக்கு; அடிமைப்படுத்தாது. ஆனால் மாத்திரையாக விழுங்க முடியாது, ரத்தத்தில் போட்டால் மூளைக்குப் போகாது. தண்டுவட நீருக்குள் பம்பு வைத்துத்தான் செலுத்த வேண்டும். தொடக்க அளவு நாளுக்கு 2.4 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது. அளவு சற்று மிஞ்சினாலே குழப்பமும் மாயத் தோற்றமும் வரும். எல்லாச் சங்கு மருந்தும் வெற்றி பெற்றுவிடவில்லை: கோனஸ் விக்டோரியேயின் ஓர் ஆல்ஃபா துண்டு எலியில் நன்றாக வேலை செய்து, மனிதனின் ஏற்பியில் பிடிமானம் குறைவு என்று தெரிந்ததும் 2007இல் கைவிடப்பட்டது.

செயற்கையாகச் செய்வதிலும் சிக்கல் இருக்கிறது. ஆறு சிஸ்டீன் உள்ள துண்டில் அவை இரண்டிரண்டாகக் கோத்துக்கொள்ள 15 வழிகள் உண்டு. சங்கின் வழி அதில் ஒன்று. மற்ற 14 உருவங்கள் அதே அமினோ அமிலங்களோடு, ஆனால் வேலை செய்யாமலோ வேறு வேலை செய்தோ நிற்கும். அதனால் கோக்கும்போது ஒரு ஜோடியை முதலில், மறு ஜோடியைப் பிறகு என்று சிஸ்டீன்களை மூடி வைத்த பாதுகாப்புக் கட்டுகளை அவிழ்த்து அவிழ்த்துச் செய்கிறார்கள். விஷம் எடுப்பதற்குச் சங்கைக் கொல்ல வேண்டிய தேவையும் எப்போதும் இல்லை. சிறு குப்பியின் வாயில் மெழுகுப் படலம் மூடி, அதன் மேல் மீன் துடுப்புத் துண்டு ஒன்றை ஒட்டி நீட்டினால், மீன் தின்னி பாய்ந்து குத்தும். சில மைக்ரோலிட்டர் விஷம் குப்பியில் விழும். தொட்டியில் நாள் கணக்கில் வைத்த சங்கின் விஷம் கடலில் இருந்ததைப் போலவே இருக்கும் என்று நம்பக் கூடாது. சாப்பாடு மாறினால் கலவை மாறுகிறது. நம் நாட்டில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் தென்கரைச் சங்குகளில் வேலை செய்திருக்கின்றன. கோனஸ் அமாடிஸிலிருந்து சோடியம் வழி மூடாமல் தடுக்கும் ஒரு டெல்டா துண்டை 2003இல் வெளியிட்டார்கள். சக்திகுளங்கரை மடியில் விழும் ஒரு சங்கின் பெயர் அப்படிப்பட்ட இடத்தில் பேசப்படுகிறது.

விற்பனையும் வழக்கும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் ஒரு கூம்புச் சங்கு, சில பிற சங்குகளோடும் நாட்டிலஸோடும் சேர்க்கப்பட்டது: கோனஸ் மில்னிஎட்வார்ட்ஸி. ஆழத்தில் வாழ்வது, நீண்டு மெலிந்து, உச்சி படிப்படியாக உயர்ந்து, வெள்ளையில் பழுப்பு வலை போட்ட கோலத்தோடு இருக்கும். அப்படி ஒன்று மடியில் வந்தால் வாங்குவதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். உயிரோடிருந்தால் கடலில் விட வேண்டும். மற்ற கூம்புச் சங்குகளை இந்த இனத்தோடு பிரித்தறிய முடியாதவர் நீளமான கூம்பு எதையும் விற்பனைக்கு எடுக்காமலிருப்பதுதான் பாதுகாப்பு. பட்டியல் மாறக்கூடியது என்பதால் வியாபாரம் செய்பவர்கள் வனத்துறையில் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மச்சானுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவு. குப்பை மீனைப் பிரிக்கும்போது கூம்புச் சங்கு தெரிந்தால் கையால் பொறுக்காமல் இடுக்கியால் எடுத்து, கடல்நீர் உள்ள வாளியில் போட்டு, படகு நிற்கும் இடத்திலேயே கொட்டிவிடலாம். இனம் தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து வாய்ப்பக்கமும் முதுகுப்பக்கமும் உச்சியும் மூன்று படம் எடுத்து, எந்த இடத்தில், எத்தனை பாக ஆழத் தண்ணீரில், என்ன அடியில் வந்தது என்று குறித்து வைக்கட்டும். வீட்டுக்கு ஓடு வேண்டுமென்றால் கரையில் ஒதுங்கிய, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே சதையோ துறவி நண்டோ இல்லாத, நாற்றமற்ற வெற்று ஓட்டை மட்டும் எடுத்து, ஒரு நாள் முழுவதும் நல்ல தண்ணீரில் ஊற வைத்து, வெயிலில் காயவிட்ட பிறகு பிள்ளைகளிடம் கொடுங்கள்.